போனவரும் இல்லாதவரும்: ஓர் ஆங்கில வினைவடிவத்தின் கதை

பள்ளிக்கூட ஆங்கில இலக்கணத்தில் நம்மில் பலரை மிரட்டிய பகுதி 'பர்ஃபெக்ட் டென்ஸ்' எனப்படும் நிறைவுக் காலம். 'ஹேவ்' அல்லது 'ஹாஸ்' போட்டு, அதனுடன் வினையின் மூன்றாம் வடிவத்தைச் சேர்க்க வேண்டும் என்று விதியை மனப்பாடம் செய்தோம். 'கோ, வெண்ட், கான்' என்று ஒப்பித்ததும் அதற்காகத்தான். ஆனால் அந்த விதிக்குள் அடங்காத ஒரு சிறு வாக்கியம் ஆங்கிலேயரின் அன்றாடப் பேச்சில் உண்டு. 'ஹி ஹாஸ் கான்' என்பதோடு 'ஹி இஸ் கான்' என்றும் அவர்கள் சொல்கிறார்கள். முன்னது ஒருவர் எங்கோ போயிருப்பதைச் சொல்வது. அவர் மாலையில் திரும்பி வரலாம். பின்னது அவர் இங்கே இல்லை என்பதைச் சொல்வது. இறந்தவரைக் குறிக்கவும் இதுவே பயன்படுகிறது. ரொட்டி தீர்ந்தாலும், தலைவலி நின்றாலும், தெருமுனை மரத்தை வெட்டிவிட்டாலும் 'இஸ் கான்'தான். இந்த 'இஸ்' எங்கிருந்து வந்தது?

பழைய ஆங்கிலத்தில் 'ஹேவ்' உடைமையைக் குறிக்கும் சொல்லாகவே இருந்தது. 'கடிதம் எழுதப்பட்ட நிலையில் என்னிடம் உள்ளது' என்ற பொருளில் தொடங்கிய அமைப்பு, காலப்போக்கில் 'கடிதத்தை எழுதியிருக்கிறேன்' என்ற பொருளுக்கு நகர்ந்தது. கையில் இருக்கும் பொருள் பின்வாங்கி, முடிந்த செயல் முன்னால் வந்தது. ஆனால் வருதல், போதல், வீழ்தல், வளர்தல், ஆதல் போன்ற வினைகளுக்குச் செயப்படுபொருள் கிடையாது. அங்கே உடைமையாகக் கொள்ள எதுவும் இல்லை. அத்தகைய வினைகள் இருத்தலைக் குறிக்கும் 'பீ'யைத் துணையாகக் கொண்டன. வந்தவனாக இருக்கிறான், வீழ்ந்ததாக இருக்கிறது என்பது போன்ற அமைப்பு அது. இடம் மாறியவனும் நிலை மாறியவனும் இப்போது என்னவாக இருக்கிறான் என்பதே அங்கு முக்கியம்.

ஜெர்மானிய மொழியும் பிரெஞ்சும் இந்தப் பாகுபாட்டைப் பெருமளவு இன்றும் காத்துவருகின்றன. ஆங்கிலமும் நெடுங்காலம் காத்தது. 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் விவிலியத்தில் 'இஸ் கம்' என்னும் வடிவம் மிகச் சாதாரணம். பின்னாளில் லண்டன் பிஷப்பான ராபர்ட் லௌத், 1762இல் வெளியிட்ட இலக்கண நூலில், இயக்கத்தையும் இடமாற்றத்தையும் நிலைமாற்றத்தையும் குறிக்கும் வினைகளே பெரிதும் இப்படி வரும் என்று வரையறுத்தார். 1817இல் மறைந்த ஜேன் ஆஸ்டினின் நாவல்களிலும் பழைய வடிவம் தாராளமாக உண்டு.

ஆனால் அதே காலத்தில்தான் 'ஹேவ்' முந்திக்கொண்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய எல்லா வினைகளையும் அது கைப்பற்றியது. செயப்பாட்டு வினைக்கும் 'பீ'யே துணையாக இருந்ததால் அதன் தலையில் சுமை கூடிப்போனது. ஒரே வடிவம் இரு பொருள் தரும் குழப்பம் நேர்ந்தது. 'ஹி இஸ்', 'ஹி ஹாஸ்' இரண்டும் பேச்சில் 'ஹீஸ்' என்று சுருங்கியதும் எல்லைக்கோட்டை மங்கவைத்தது. இன்றும் 'ஹீஸ் கான்' என்று ஒருவர் சொன்னால், போயிருக்கிறாரா, இல்லாமலே போனாரா என்பதைச் செவியால் மட்டும் பிரித்தறிய முடியாது.

வருதலும் வீழ்தலும் வளர்தலும் அன்றாடப் பேச்சில் 'ஹேவ்' பக்கம் சாய்ந்த பிறகு, பழைய வடிவத்தில் உயிரோடு எஞ்சியது முதன்மையாக 'கான்' ஒன்றுதான். ஒரு பெரிய குடும்பம் காலியான வீட்டில் தங்கிவிட்ட கடைசி மனிதரைப் போல, அது இல்லாமையைச் சொல்வதற்கென்றே தங்கிவிட்டது எனலாம்.

வெற்றிபெற்ற 'ஹேவ்' வடிவத்துக்கும் மறைவோடு ஒரு தொடர்பு உண்டு. நோம் சோம்ஸ்கி 1970களின் தொடக்கத்தில் வெளியான ஒரு கட்டுரையில் இதைச் சுட்டிக்காட்டினார். ஐன்ஸ்டைன் பிரின்ஸ்டனுக்கு வந்திருக்கிறார் என்பதை 'ஹாஸ்' போட்டு ஆங்கிலத்தில் சொன்னால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று பொருள்பட்டுவிடும். ஐன்ஸ்டைன் மறைந்தது 1955இல். ஆனால் பிரின்ஸ்டனை எழுவாயாக்கிச் செயப்பாட்டு வினையில் சொன்னால் அந்தச் சிக்கல் எழுவதில்லை. ஊர் இன்றும் இருக்கிறதல்லவா! நிகழ்காலத்தில் ஒரு கால் ஊன்றி நிற்கும் அந்த வடிவத்தை, எழுவாயாக வரும் மனிதர் இறந்ததும் ஆங்கிலம் அவரிடமிருந்து பறித்துக்கொள்கிறது.

தமிழ் அப்படிச் செய்வதில்லை. 'காந்தி மதுரைக்கு வந்திருக்கிறார்' என்று நாம் இன்றும் கூசாமல் சொல்கிறோம். நம்மிடம் 'ஹேவ்' போன்ற உடைமை வினை இல்லை. உடைமைக்கும் 'இரு', நிறைவுக்கும் 'இரு'. ஆங்கிலம் கைவிட்ட பாதையில் தமிழ் நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. மறைவின் அழுத்தத்தை நமக்குத் தருவது 'விடு' என்னும் துணைவினை. 'போயிருக்கிறார்' என்றால் காத்திருக்கலாம். 'போய்விட்டார்' என்று தாழ்ந்த குரலில் சொன்னால் கேட்பவர் அடுத்த கேள்வி கேட்பதில்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் இதைக் கவனத்தில் கொள்வது நல்லது. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கதையில் ஒரு பெண் 'இஸ் கான்' என்று வந்தால், அவள் வெறுமனே பக்கத்து ஊருக்குப் புறப்பட்டிருக்கக்கூடும். இன்றைய காதோடு அதைப் படித்து, அவளை நிரந்தரமாக அனுப்பிவைத்துவிடக் கூடாது. இன்றைய கதையில் அதே சொற்கள் வரும்போதோ, வெறும் 'போயிருக்கிறாள்' போதாமல் போகலாம். சொற்கள் அவையேதாம், இடையில் அவற்றின் சுற்றத்தார் அனைவரும் வேறு பக்கம் போய்விட்டதால், அவற்றின் தொனி மாறிவிட்டது.