அரே வருவதற்கு முன்பே அரே மாதிரி இருந்தவை

ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிற எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்த எரிச்சல் வந்திருக்கும். ஒரு ஃபங்ஷனுக்குள் 'ஆர்க்யுமென்ட்ஸ்' என்ற ஆப்ஜெக்ட்டை எடுத்துப் பார்த்தால் 0, 1, 2 என்று வரிசையாக மதிப்புகள் இருக்கும். 'லெங்த்' கேட்டால் எத்தனை என்று சொல்லும். சரி, அரேதானே என்று நம்பி 'மேப்' போட்டால், அப்படி ஒரு மெத்தடே இல்லை என்று எரர் வந்து நிற்கும். (பாடப்புத்தகத்தில் 'அணி' என்று இருக்கிறது. வேலையில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் அரே என்றே எழுதுகிறேன்.)

இதை மொழியின் கோளாறு என்றுதான் பலரும் சொல்கிறார்கள். பழைய ஆவணங்களைப் புரட்டினால் கதை தலைகீழாக இருக்கிறது. இந்த மொழியில் முதலில் இருந்ததே அரே மாதிரியான ஆப்ஜெக்ட்தான். அசல் அரே அப்புறம்தான் வந்து சேர்ந்தது.

பிரெண்டன் ஐக் 1995 மே மாதத்தில் 10 நாளில் இதன் முதல் வடிவத்தை எழுதினார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1996-இல் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0-வோடு அது வெளியே வந்தபோது, அரே கட்டுவதற்கென்று கன்ஸ்ட்ரக்டர் எதுவும் புரோகிராமர் கையில் தரப்படவில்லை. நெட்ஸ்கேப்பின் கையேடே "நீங்களே ஒன்று செய்துகொள்ளுங்கள்" என்கிற தோரணையில் 'மேக்அரே' என்று ஒரு சின்ன ஃபங்ஷனைக் காட்டியது. அது ஒரு வெறும் ஆப்ஜெக்ட்டை எடுக்கும், முதலில் லெங்த் என்ற ப்ராப்பர்ட்டியை வைக்கும், பிறகு 1-இலிருந்து n வரை ஒவ்வொரு இடத்திலும் பூஜ்ஜியத்தைப் போடும். அவ்வளவுதான்.

ஏன் 0-விலிருந்து இல்லாமல் 1-இலிருந்து? இங்கேதான் சுவாரஸ்யம். அந்தப் பதிப்பில் ஒரு ப்ராப்பர்ட்டியைப் பெயர் சொல்லியும் கூப்பிடலாம், அது எத்தனையாவதாகச் சேர்ந்தது என்ற எண்ணைச் சொல்லியும் கூப்பிடலாம். முதலில் வைத்தது லெங்த் என்பதால் 0-ஆம் இடம் அதற்குப் போய்விட்டது. வாடகைக்கு விட்ட வீட்டில் முதல் அறையை வீட்டுக்காரரே பூட்டி வைத்துக்கொண்ட மாதிரி.

1996 ஆகஸ்டில் நெட்ஸ்கேப் 3.0-வோடு அரே கன்ஸ்ட்ரக்டர் வந்தது. 1997 ஜூனில் வெளியான எக்மா-262 முதல் பதிப்பு அதைத் தரமாக்கியது. அந்த ஆவணத்தில் என்னை ரொம்ப நேரம் நிறுத்திவைத்தது 'ஜாயின்', 'ரிவர்ஸ்', 'சார்ட்' ஆகியவற்றின் கீழே இருக்கும் குட்டிக் குறிப்பு. இவை வேண்டுமென்றே பொதுவாக வைக்கப்பட்டவை, அசல் அரேமேல்தான் ஓட வேண்டும் என்று கட்டாயமில்லை, வேறு ஆப்ஜெக்ட்டுக்கும் எடுத்துப் பொருத்தலாம் என்பது அதன் சாரம். தெரியாமல் திறந்து கிடந்த கதவு இல்லை. திறந்துதான் இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

அந்த மெத்தட்கள் வேலை செய்யும் விதமும் எளிமைதான். லெங்த் என்ன என்று கேட்கும், 0-விலிருந்து அதற்கு ஒன்று குறைவு வரை போகும். எதிரே இருப்பது யார் என்று விசாரிக்காது. ஓர் ஆப்ஜெக்ட்டில் 0-இல் இட்லி, 1-இல் தோசை, லெங்த் 2 என்று வைத்துவிட்டு, அரேயின் 'புஷ்' மெத்தடைக் கடன் வாங்கி வடையைத் தள்ளினால், அது 2-ஆம் இடத்தில் உட்காரும், லெங்த் 3 ஆகும். ஆனால் நாமே நேராக 3-ஆம் இடத்தில் பொங்கலை வைத்தோம் என்றால்? லெங்த் 3-லேயே நிற்கும். பிறகு ஜாயின் செய்து பார்த்தால் பொங்கலைக் காணோம். எரரும் கிடையாது. அசல் அரேயில் லெங்த் தானாக 4 ஆகியிருக்கும். லெங்த்தைக் குறைத்தால் வாலில் இருப்பவை தானாகவே அழிந்தும் போகும். அரேயை அரே ஆக்குவது இந்த ஒரே ஒரு வித்தைதான். அதை மட்டும் சாதாரண ஆப்ஜெக்ட்டுக்குக் கடன் கொடுக்க அப்போது வழியில்லை.

1998-இல் வந்த டாம் முதல் நிலைத் தரமும் இதே பக்கம்தான் போனது. அது ஜாவா போன்ற மொழிகளுக்கும் சேர்த்து எழுதப்பட்டது என்பதால், நோட்லிஸ்ட் ஜாவாஸ்கிரிப்ட் அரேயாக இருக்க முடியாது. லெங்த்தும் எண்களும் மட்டும் கிடைத்தன. அதனால் ஒரு தலைமுறையே 'அரே.ப்ரோட்டோடைப்.ஸ்லைஸ்.கால்' என்ற மந்திரத்தை மனப்பாடம் செய்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 வரை நோட்லிஸ்ட்மேல் அந்த மந்திரமும் பலிக்காது, எரர்தான்.

2006-இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேக்வெரிதான் திறந்திருந்த கதவின் முழுப் பலனையும் எடுத்துக்கொண்டது. ஜேக்வெரி ஆப்ஜெக்ட் அரே இல்லை. லெங்த், எண்கள், கடன் வாங்கிய புஷ், சார்ட், ஸ்ப்லைஸ், அவ்வளவே. லெங்த்தும் ஸ்ப்லைஸும் இருந்தால் அரே மாதிரிக் காட்டு என்பது அன்றைய டெவலப்பர் கன்சோல்களின் விதி என்பதால், ஜேக்வெரியை அச்சிட்டால் அழகாக அரே போலவே தெரியும்.

அசல் அரேயிலிருந்தே வாரிசு எடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். அன்று முடியாது, வாரிசுக்கு லெங்த் வித்தை இறங்காது. சிலர் கண்ணுக்குத் தெரியாத ஐஃப்ரேம் ஒன்றைத் திறந்து, அதற்குள் இருக்கும் அரே கன்ஸ்ட்ரக்டரைத் தூக்கிவந்து பயன்படுத்தினார்கள்! ஆனால் பக்கத்து ஃப்ரேமில் பிறந்த அரேயை நம் ஃப்ரேம் 'இன்ஸ்டன்ஸ்ஆஃப்' வைத்துச் சோதித்தால் அரே இல்லை என்று சொல்லிவிடும். 2009-இல் வந்த இஎஸ்5 'இஸ்அரே'யைக் கொண்டுவந்து இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது.

2015-இல் வந்த இஎஸ்6 மிச்சத்தையும் முடித்தது. 'அரே.ஃப்ரம்' வந்து ஸ்லைஸ் மந்திரத்துக்கு ஓய்வு கொடுத்தது. 'கிளாஸ்' போட்டு அரேயை நீட்டினால் லெங்த் வித்தையும் கூடவே வந்தது. 'ப்ராக்ஸி' இருந்தால் அந்த வித்தையை நாமே எழுதிக்கொள்ளலாம். 'கான்கேட்' மட்டும் ஆரம்பம் முதலே கறார். அசல் அரேயாக இருந்தால்தான் பிரித்துச் சேர்க்கும், போலி என்றால் முழுசாக ஒரே பொருளாக வைத்துவிடும். அதற்கும் தனியாக ஒரு சிம்பல் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள்.

1997-இல் அந்தக் குறிப்பு எழுதப்படாமல் போயிருந்தால், ஒவ்வொரு லைப்ரரியும் தனக்கென்று ஒரு ஜாயின், ஒரு சார்ட் எழுதிக்கொண்டிருக்கும் என்பது என் அபிப்பிராயம். காணாமல் போகும் பொங்கல் அதற்குக் கொடுத்த விலை. பெரிய விலை என்று எனக்குத் தோன்றவில்லை.

நோட்லிஸ்ட்டுக்கும் கடைசியில் ஒரு 'ஃபார்ஈச்' கிடைத்துவிட்டது. அதைப் புதிதாக எழுதினார்களா என்று பார்க்க வேண்டுமானால், இன்றைய பிரவுசர் கன்சோலில் நோட்லிஸ்ட்டின் ஃபார்ஈச்சையும் அரேயின் ஃபார்ஈச்சையும் மூன்று சமக்குறி போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். 'ட்ரூ' என்று வரும். இரண்டும் ஒரே ஃபங்ஷன்.