சிட்னிக்குத் தெரியாமல் மூன்று வருடங்கள்

இந்த மாதப் பேச்சின் விஷயத்தைக் கேட்டதும் சிலர் முகம் சுளிக்கக் கூடும். ஒரு வைன் தோட்டத்தின் சரித்திரம் இது. நான் குடிப்பவன் அல்லன். ஆனால் முப்பது வருடங்களாகக் கணக்கு எழுதிப் பிழைப்பவன். அடிலெய்டில் மகில் தோட்டத்தைப் பார்க்கப் போனபோது எனக்கு அங்கே தெரிந்தது வைன் அல்ல, ஓர் ஐந்தொகைதான்.

நகரின் நடுவிலிருந்து காரில் கால் மணித்தியாலம். மலை அடிவாரத்தில், வீடுகளுக்கு நடுவே ஒரு துண்டுத் திராட்சைத் தோட்டம், பழைய கல்லுக் கட்டிடங்கள், ஒரு சின்ன வீடு. 1844இல் இங்கிலாந்திலிருந்து வந்த வைத்தியர் கிறிஸ்தோபர் பென்ஃபோல்டும் மனைவி மேரியும் குடியிருந்த வீடு அது. பெயர் கிரேஞ்ச். மேரியின் பிறந்தகத்தின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்களாம். ஊரை விட்டு வந்தவர்கள் வீட்டுக்குப் பழைய பெயரை வைப்பது நமக்குப் புதிய சங்கதியா என்ன! இங்கே எத்தனை தமிழ் வீட்டு வாசல்களில் ஊர்ப் பெயர் தொங்குகிறது.

வைத்தியர் வைன் செய்தது நோயாளிகளுக்குச் சத்து மருந்தாகக் கொடுக்க. அவர் நோயாளிகளைப் பார்க்கப் போய்விடுவார். தோட்டத்தையும் வைன் தயாரிப்பையும் பார்த்தவர் மேரி. 1870இல் கணவர் இறந்த பிறகும் அந்த அம்மாதான் நிர்வாகம். 1881இல் தென் அவுஸ்திரேலியாவில் இருந்த வைன் கையிருப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தக் கம்பனியின் களஞ்சியத்தில் இருந்தது. ஆனாலும் நெடுங்காலம் விளம்பரங்களில் பெரிதாக வந்தது வைத்தியரின் பெயர்தான்.

இனி மக்ஸ் ஷூபர்ட். ஜெர்மன் வழிவந்த குடும்பத்துப் பையன். 1931இல், பதினாறு வயதளவில், எடுபிடி வேலைக்குச் சேர்ந்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் போய்த் திரும்பி, 1948இல் தலைமை வைன் தயாரிப்பாளர் ஆனார். 1950இல் ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் ஷெரி, போர்ட் செய்யும் முறையைப் பார்த்து வரும்படி கம்பனி அவரை அனுப்பியது. அந்தக் காலத்தில் இங்கே அதிகம் விலைப்பட்டது அந்த இனிப்பு வகைகள்தான். மனுஷன் வரும் வழியில் பிரான்சில் போர்தோவுக்கும் போனார். அங்கே நாற்பது, ஐம்பது வருடம் பழகியும் உயிரோடிருந்த சிவப்பு வைனைச் சுவைத்துப் பார்த்தார். நம் மண்ணிலும் இப்படி ஒன்று செய்ய வேண்டும் என்ற எண்ணத்தோடு திரும்பினார்.

போர்தோவின் திராட்சை இனங்கள் இங்கே அப்போது போதிய அளவு இல்லை. அதனால் தாராளமாகக் கிடைத்த ஷிராஸ் இனத்தை எடுத்தார். 1951 அறுவடையில் ஐந்து புதிய ஓக் பீப்பாக்களில் ஒரு பகுதியையும், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய பெரிய பீப்பாவில் இன்னொரு பகுதியையும் வைத்தார். பழம் ஒரே தோட்டத்திலிருந்து வரவேண்டும் என்பது பிரெஞ்சுக்காரரின் நம்பிக்கை. ஷூபர்ட் அதைப் பின்பற்றவில்லை. நல்ல பழம் எந்தத் தோட்டத்தில் இருந்தாலும் கொண்டுவந்து கலந்தார். அந்த வைனுக்கு மேரியின் வீட்டுப் பெயரை வைத்தார்கள்.

வருடத்துக்கு வருடம் போத்தல்கள் நிலவறையில் சேர்ந்தன. விற்பனை இல்லை, செலவு மட்டும் உண்டு. சிட்னித் தலைமையகம் கொண்டுவரச் சொல்லி, வைன் தெரிந்த பெரியவர்களைக் கூட்டிச் சுவைக்க வைத்தது. நசுக்கிய எறும்பு போல இருக்கிறது என்கிற அளவுக்கு இகழ்ந்தார்கள். 1957 அறுவடைக்குச் சற்று முன் உத்தரவு வந்தது: நிறுத்து.

நேயர்களே, அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் உத்தரவில் நானும்தான் கையெழுத்து வைத்திருப்பேன். ஆறு வருடக் கையிருப்பு, வாங்க ஆளில்லை, நிபுணர்களும் கைவிட்டுவிட்டார்கள். எந்தக் கணக்காளன் வேறு மாதிரிச் சொல்வான்?

ஷூபர்ட் நிறுத்தவில்லை. 1957, 1958, 1959 மூன்று வருடமும் சிட்னிக்குத் தெரியாமல் சிறிய அளவில் செய்தார். மகிலில் பொறுப்பிலிருந்த குடும்பத்து வாரிசு ஜெஃப்ரி பென்ஃபோல்ட் ஹைலண்டுக்கு மட்டும் தெரியும். அவர் துணை நின்றார். புதிய பீப்பா வாங்கப் பணம் கேட்க முடியாது. ஆகவே பழைய பீப்பாக்களையே பாவித்தார்கள். இதையெல்லாம் ஷூபர்டே 1979இல் கன்பெராவில் ஒரு கருத்தரங்கில் பகிரங்கமாகச் சொன்னார்.

இதற்குள் முதல் வருடத்துப் போத்தல்கள் நிலவறையில் பழகிப் பதமாகிவிட்டன. மறுபடி சுவைத்துப் பார்த்த பணிப்பாளர் சபை 1960இல் திரும்பவும் தொடங்கச் சொன்னது. 1962இல் சிட்னிப் போட்டியில் 1955ஆம் ஆண்டு வைன் தங்கப் பதக்கம் வென்றது. 1951இன் போத்தல் ஒன்று இப்போது ஏலத்தில் ஒரு லட்சம் டொலரையும் தாண்டியிருக்கிறது. ஒளித்துச் செய்த 1959 போத்தல் ஒன்று அரசியலிலும் புகுந்தது. 2014இல் நியூ சவுத் வேல்ஸ் முதல்வர் பாரி ஓஃபாரெல், அப்படியொரு போத்தல் பரிசாக வந்த ஞாபகம் இல்லை என்று ஊழல் விசாரணையில் சொன்னார். பிறகு அவர் கைப்பட எழுதிய நன்றிக் குறிப்பு வெளிவர, பதவி விலகினார். அவர் வேண்டுமென்று மறைத்ததாக ஆணையம் கருதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

தோட்டத்தின் கதி வேறு. 1976இல் கம்பனி குடும்பத்தின் கையை விட்டுப் போனது. 1980களில் மகில் நிலத்தின் பெரும்பகுதி வீடு கட்ட விற்கப்பட்டது. மிஞ்சியது ஐந்து ஹெக்டேருக்குச் சற்று மேல். மேரி நட்ட இடத்தில் இப்போது கார்க் கொட்டகைகள். அந்த விற்பனையும் ஏதோ ஒரு ஐந்தொகையில் இலாபமாகத்தான் பதிவாகியிருக்கும்.

வீடு திரும்பும் வழியில் எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. பல வருடங்களுக்கு முன் ஒரு மரத்தளபாடக் கம்பனியில் வேலை பார்த்தேன். நான்கு வருடமாக அசையாமல் கிடந்த ஒருவகை மரத்தைப் பெறுமதியற்றதாகப் பதிவழித்து, கழிவு விலைக்குத் தள்ளிவிடலாம் என்று குறிப்பு எழுதினேன். களஞ்சியத்தைப் பார்த்த வயதான இத்தாலியர் என் மேசைக்கு வந்தார். மரம் இன்னும் காய வேண்டும், இரண்டு வருடம் பொறுங்கள் என்று கேட்டார். வருட முடிவு நெருங்கிவிட்டது, பொறுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். அடுத்த கிழமை லொறி வந்து ஏற்றிக்கொண்டு போனது. அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.