ஐந்தாம் நாள், இருபத்திரண்டாம் நாள்

முப்பது வயதுப் பெண் ஒருவருக்கு ஒரே மாதவிடாய்ச் சுழற்சியில் எடுத்த இரண்டு ஸ்கேன் ரிப்போர்ட்டுகளை அருகருகே வைப்போம். ஒன்று, ரத்தப்போக்கு தொடங்கியதிலிருந்து 5ஆம் நாள் எடுத்தது. மற்றது 22ஆம் நாள். முதலாவதில், இரண்டு சினைப்பைகளிலும் 4 முதல் 7 மில்லிமீட்டர் அளவுள்ள சில ஃபாலிக்கிள்கள், கருப்பையின் உட்சவ்வு 4 மி.மீ. என்று எழுதியிருக்கிறது. இரண்டாவதில் உட்சவ்வு 11 மி.மீ.; வலது சினைப்பையில் 24 மி.மீ. அளவில், தடித்த சுவருள்ள ஒரு கட்டி. அதனுள்ளே வலை பின்னியது போல மெல்லிய கோடுகள். கருப்பைக்குப் பின்னால் சிறிது நீர். முதல் ரிப்போர்ட்டை 'நார்மல்' என்று மடித்து வைத்துவிடும் வீடு, இரண்டாவதைப் பார்த்ததும் கலங்கிப்போகும். நான் அப்படிப் பார்க்கவில்லை. இரண்டுமே நலமான உடலின் படங்கள்தான். அந்த மாதம் முட்டை வெளியேறியதற்கான தடயம் இருப்பதும் இரண்டாவதில்தான்.

5ஆம் நாள் சினைப்பை அமைதியாக இருக்கும். ஹார்மோன்கள் குறைந்த அளவில் இருக்கும் நேரம் அது. முட்டை வளர்வதற்கான சிறு நீர்ப்பைகளான ஃபாலிக்கிள்களில் ஒரு கூட்டம் வளரத் தொடங்கியிருக்கும். எது முந்தப்போகிறது என்று இன்னும் தெரியாது. 2 முதல் 10 மி.மீ. வரை உள்ளவற்றை எண்ணி, சினைப்பையின் இருப்பு எவ்வளவு என்று கணிக்க குழந்தையின்மை மருத்துவர்கள் 2ஆம் நாள் முதல் 5ஆம் நாளுக்குள் வரச்சொல்வது இதனால்தான். ஏறக்குறைய 7, 8ஆம் நாளில் ஒன்று மட்டும் 10 மி.மீ.யைத் தாண்டி முந்துகிறது. பிறகு நாளுக்குச் சுமார் 2 மி.மீ. வளர்ந்து, 18 முதல் 24 மி.மீ. அளவில் வெடிக்கிறது. 'ஃபாலிக்குலர் ஸ்டடி' என்று ஒன்றுவிட்டு ஒருநாள் பெண்களை வரவழைத்துப் பார்ப்பது இந்த வளர்ச்சியைத்தான். "முட்டை 18 வந்திருக்கு" என்று வெளியே வந்து சொல்வார்கள். ஸ்கேன் அளப்பது முட்டையை அல்ல, அதைச் சுமக்கும் பையை. முட்டை சுமார் 0.1 மி.மீ.தான், இந்த ஸ்கேனில் அது தெரியாது. 1672இல் சினைப்பையைப் பற்றி நூல் வெளியிட்ட டச்சு மருத்துவர் ரெய்னியர் டி கிராஃபும் பையையே முட்டை என்று எண்ணினார். உள்ளிருக்கும் உண்மையான முட்டையை கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் 1827இல்தான் கண்டார்.

பை வெடித்துச் சிந்திய நீரில் ஒரு பங்குதான் கருப்பைக்குப் பின்னால் தேங்கியிருப்பது. வெடித்த பை வீணாவதில்லை. அதன் சுவர் தடித்து, சுற்றிலும் புது ரத்தக்குழாய்கள் ஓடி, கார்பஸ் லூட்டியமாக மாறுகிறது. டாப்ளர் ஸ்கேனில் பார்த்தால் சுற்றிலும் நெருப்பு வளையம் போல ரத்த ஓட்டம் தெரியும். உள்ளே கொஞ்சம் ரத்தம் கசிந்து உறையும்போதுதான் அந்த வலைக்கோடுகள். புரோஜெஸ்டிரான் சுரப்பது இதுதான். கருப்பையின் உட்சவ்வை கரு பதியத் தகுந்ததாக்குவதும், கரு உண்டானால் நச்சுக்கொடி பொறுப்பேற்கும் வரை முதல் சில வாரங்கள் அதைத் தாங்குவதும் இதன் வேலை. ரிப்போர்ட்டில் 'ஹெமரேஜிக் சிஸ்ட்' (ரத்தம் உறைந்த கட்டி) என்று வந்தால் பயம் வருவது இயல்பு. ஆனால் மாதவிடாய் நிற்காத வயதில், 3 செ.மீ. வரையுள்ள கார்பஸ் லூட்டியம் இயல்பான நிகழ்வு. உள்ளே நீர் மட்டுமே உள்ள, மெல்லிய சுவர்கொண்ட கட்டியையும் 5 செ.மீ. வரை திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை என்பது இன்றைய கதிரியக்கத் துறையின் நிலைப்பாடு.

'நீர்க்கட்டி' என்று பலரும் சொல்லும் பி.சி.ஓ.எஸ். விஷயத்திலும் இந்த இரண்டு நாட்களின் வேறுபாடு முக்கியம். சினைப்பையின் பருமன் 10 மில்லிலிட்டரைத் தாண்டுவது அதன் அடையாளங்களில் ஒன்று. 22ஆம் நாளின் கார்பஸ் லூட்டியம் தானே அந்தப் பருமனைக் கூட்டிவிடும். அதனால் அப்படி ஒன்று இருக்கும் சினைப்பையை வைத்து பருமனைக் கணக்கிடக் கூடாது. அடையாளமாகக் கொள்ளும் ஃபாலிக்கிள் எண்ணிக்கையும் மாறியிருக்கிறது. 2003இல் ராட்டர்டாமில் வகுத்த வரையறை ஒரு சினைப்பைக்கு 12 ஃபாலிக்கிள் என்றது. கருவிகள் நுட்பமாகி நிறையத் தெரியத் தொடங்கியபின், 2018இன் சர்வதேச வழிகாட்டுதல் அதை 20 ஆக்கியது. பூப்பெய்தி 8 ஆண்டுகள் ஆகாத பெண்களுக்கு பி.சி.ஓ.எஸ். உண்டா என்று முடிவுசெய்ய ஸ்கேனைப் பயன்படுத்தவே வேண்டாம் என்றும் அது சொன்னது. அந்த வயதில் நிறைய ஃபாலிக்கிள்கள் இருப்பது சாதாரணம். ஆனாலும் பதினாறு வயதுப் பிள்ளையை ஒரே ஒரு ஸ்கேனை வைத்து 'நீர்க்கட்டி இருக்கிறது' என்று சொல்லி அனுப்புவதும், அன்றிலிருந்து அவள் கல்யாணத்தையும் குழந்தையையும் பற்றி வீட்டில் புலம்பல் தொடங்குவதும் நம் ஊர்களில் நடக்கிறது. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

நாள் கணக்கையும் கண்மூடி நம்ப முடியாது. 22ஆம் நாள் என்றது 28 நாள் சுழற்சிக்கு. முட்டை வெளியேறியபின் உள்ள நாட்கள் பெரும்பாலும் 12 முதல் 14. நீள்வதும் குறுகுவதும் அதற்கு முந்தைய பாதிதான். 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு 22ஆம் நாளில்தான் முட்டை வெளியேறிக்கொண்டிருக்கலாம். அப்போது அதே 24 மி.மீ. கட்டி வெடிக்கப்போகும் ஃபாலிக்கிளாக இருக்கும். அதனால் ஸ்கேனுக்குப் போகும்போது கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு, வழக்கமான இடைவெளி எத்தனை நாள், கருத்தடை மாத்திரை ஏதும் எடுக்கிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். மாதவிடாய் நின்றுபோனவருக்கு இந்த இரண்டு நாட்களுமே கிடையாது. அவர் சினைப்பையில் தெரியும் கட்டிக்குக் கணக்கு வேறு.

கட்டிக்குள் திடமான பகுதி, அதில் ரத்த ஓட்டம், சுவரிலிருந்து உள்நோக்கி நீளும் முளைகள் என்று எழுதியிருந்தால் சுழற்சியின் நாளைக் காட்டி ஆறுதல் அடையக் கூடாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். திடீரென்று ஒருபக்கமாகத் தாங்கமுடியாத வலியும் வாந்தியும் வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். மயக்கம் வந்தால் உள்ளே ரத்தம் கசியலாம். மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் கருக்குழாயில் கரு தங்கியிருக்கும் ஆபத்தும் உண்டு. இப்படி வலியோ மயக்கமோ வந்தால் நேரே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். இவை ஏதும் இல்லாமல், 5 செ.மீ.க்கு மேல் ரத்தம் உறைந்த கட்டி என்று மட்டும் வந்தால், பெரும்பாலும் 6 முதல் 12 வாரம் கழித்து மறு ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். அதை மாதவிடாய்ச் சுழற்சியின் 3ஆம் நாள் முதல் 10ஆம் நாளுக்குள் கேட்டு வாங்குங்கள். பழைய கார்பஸ் லூட்டியம் அதற்குள் பெரும்பாலும் கரைந்திருக்கும்; புதியது இன்னும் உருவாகியிருக்காது.