சன்னல் வழியே ஒரு கார்ப் பந்தயம்

வில்லியனூரில் திருக்காமீஸ்வரர் கோயில் தேர் வீதியில் அசைந்து வருகிறது. நீங்கள் வீட்டுக்குள் நிற்கிறீர்கள். பின்சுவரில் சாய்ந்தபடி சன்னல் வழியே பார்த்தால் தேரின் ஒரு துண்டுதான் தெரியும். நாலடி முன்னே வந்தால் வடம் பிடிப்பவர்களும் தெரிவார்கள். கம்பியில் முகத்தை ஒட்டிக்கொண்டால் தெருவே தெரியும். சன்னல் பெரிதாகவில்லை, கண்தான் நெருங்கிற்று.

கணிப்பொறியில் கார்ப் பந்தயம் ஓட்டிப் பழகுகிறவர்களின் பெருங்குறையும் இந்தச் சன்னல்தான். முன்னால் உள்ள சாலை தெரிகிறது. ஆனால் பக்கத்தில் உரசிக்கொண்டு வரும் கார், மோதிய பிறகே தெரிகிறது! மூன்று திரைகளை வாங்கி வளைத்து வைக்க எல்லாராலும் ஆகுமா? ஒரே திரையில் அகன்ற காட்சியைப் பெறும் வழி என்ன? இக்கேள்வி கணிப்பொறியைவிட மிகப் பழையது.

முதலில் ஒரு சோதனை. பாகூர் ஏரிக்கரையில் நின்று தண்ணீரை நேராகப் பாருங்கள். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி விரல்களை அசையுங்கள். நகம் தெரியாது, அசைவு தெரியும். நம் இரு கண்களும் சேர்ந்து ஏறக்குறைய 180 பாகை அகலத்தைக் காண்கின்றன. நடுப்பார்வை உருவத்தை அறிகிறது. ஓரப்பார்வை அசைவை அறிகிறது. வேகமாகப் போகிறோம் என்ற உணர்வைப் பெரிதும் தருவது இந்த ஓரப்பார்வைதான்.

இதைப் பயன்படுத்திக்கொண்டவர் பிரெட் வாலர் என்ற அமெரிக்கர். இரண்டாம் உலகப் போரின்போது விமானத் துப்பாக்கி வீரர்களுக்காக அவர் ஒரு பயிற்சிக் கருவி அமைத்தார். ஐந்து படவீழ்த்திகள் கோள வடிவத் திரையில் பகை விமானங்களைப் பறக்கவிட்டன. இன்றைய சிமுலேட்டர்களுக்கு இது ஒரு மூதாதை. போர் முடிந்தபின் அதே எண்ணமே ‘சினிராமா’ ஆயிற்று. 1952இல் நியூயார்க்கில் காட்டப்பட்ட அதில் மூன்று படவீழ்த்திகள், வளைந்த திரை, 146 பாகை அகலம். படங்கள் சேரும் இடத்தில் கோடு தெரிந்தது, செலவோ மிகுதி.

மறு ஆண்டே ஒற்றைப் படவீழ்த்தி போதும் என்று காட்டியது சினிமாஸ்கோப். ஆன்றி கிரேத்தியன் என்ற பிரெஞ்சு அறிஞர் முன்பே கண்டுபிடித்திருந்த வில்லை, அகன்ற காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கிச் சாதாரணப் படச்சுருளில் அடக்கியது. கொட்டகையில் மற்றொரு வில்லை அதை மறுபடி விரித்தது. இந்தியாவில் 1959இல் ‘காகஸ் கே பூல்’ இம்முறையில் வந்தது. தமிழில் 1973இல் ‘ராஜராஜ சோழன்’ வந்தது. கீற்றுக் கொட்டகையில் தரை டிக்கெட் வாங்கித் திரையடியில் உட்கார்ந்தவர்களுக்குத்தான், குறைந்த காசில், மிக அகன்ற கோணம் கிடைத்தது!

பந்தய விளையாட்டும் இதே பாதையில்தான் வந்தது. 1983இல் ஜப்பானின் தட்சுமி நிறுவனம் ‘டிஎக்ஸ்-1’ என்ற காசு போட்டு ஆடும் பந்தய இயந்திரத்தில் மூன்று திரைகளை அடுத்தடுத்து வைத்தது. சினிராமாவேதான். ஆனால் வீட்டு மேசையில் ஒரே திரை. அங்கே நிரலில் பார்வைக் கோணத்தைக் கூட்டிவைப்பதுதான் எளிய வழி. 90 என்று எண்ணை மாற்றினால் பக்கத்துக் கார் தெரிந்துவிடும். இதில் என்ன கெடுதல்?

கணக்குப் போடுவோம். 60 செ.மீ. அகலத் திரையை 90 செ.மீ. தொலைவிலிருந்து பார்த்தால் அது நம் கண்ணில் அடைக்கும் கோணம் 37 பாகைதான். அந்தச் சன்னலுக்குள் 90 பாகைக் காட்சியைத் திணித்தால் நடுவிலுள்ளவை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். 30 மீட்டரில் இருக்கும் கார் 90 மீட்டரில் இருப்பதுபோல் தோன்றும். பிரேக்கை எங்கே மிதிப்பது? இப்படிப் பழகியவர், இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் உண்மைக் காரில் ஏறினால் திருப்பத்தின் தொலைவை மறுபடி கற்கவேண்டியதுதான். சினிமாஸ்கோப்பில் நெருக்கியதை விரிக்க ஒரு வில்லை இருந்தது. இங்கே விரிப்பார் யாருமில்லை.

ஓரங்களின் கதை வேறு. சமதளத் திரையில் கோணம் கூடக்கூட ஓரத்துப் பொருள்கள் இழுபட்டு நீளும். 180 பாகை வேண்டுமானால் திரையின் அகலம் எல்லையற்றதாக இருக்கவேண்டும். வாலர் திரையை வளைத்ததன் காரணம் விளங்குகிறதல்லவா?

ஆகவே சன்னலிடமே திரும்புவோம். திரையை 60 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் கோணம் 53 பாகை, 45 செ.மீ.யில் 67 பாகை. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒட்டித் திரையை நிறுத்தினால் இது முடியும். அதற்கும் நெருங்கினால் கண் களைத்துப் போகும். பிறகு அளவுநாடாவால் அகலத்தையும் தொலைவையும் அளந்து, கிடைத்த கோணத்தையே நிரலில் இடவேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: சில நிரல்கள் பக்கவாட்டுக் கோணத்தைக் கேட்கும், சில மேல்கீழ்க் கோணத்தைக் கேட்கும். மாற்றி இட்டால் எல்லாம் பாழ்.

மீதமுள்ள நூற்றுச் சொச்சம் பாகை? அதற்கு இடம் வலம் பார்க்கும் பொத்தான்கள் உண்டு. திரையில் தோன்றும் பின்காட்டும் கண்ணாடி உண்டு. அனுபவமுள்ளவர்கள் இவற்றோடு காதையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பக்கத்துக் காரின் எஞ்சின் ஒலி எந்தச் செவியில் கேட்கிறதோ, அந்தப் பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்புவதில்லை.