எண்ணெய் வராத ஆண்டுகள்

பூமியின் எண்ணெய் வளம் குன்றிவிட்டால் நம் வாழ்வு என்னவாகும் என்ற கேள்வியை வருங்காலத்திற்கு உரியதாகவே நாம் எண்ணுகிறோம். ஆனால் தாமிரபரணிக் கரை மக்கள் அக்கேள்வியை ஒருமுறை நேருக்கு நேர் சந்தித்திருக்கிறார்கள். அன்று எண்ணெய் தீர்ந்துபோகவில்லை, வருவதுதான் நின்றுபோயிற்று. எனினும் பட்ட துன்பம் ஏறத்தாழ ஒன்றே.

இரண்டாம் உலகப் போருக்கு முன் நம் சிற்றூர்களின் சிமினி விளக்குகளுக்குப் பர்மாவின் மண்ணெண்ணெய் வந்தது. உலைப் பானைகளுக்குப் பர்மா அரிசி வந்தது. 1942இல் ஜப்பானியப் படைகள் பர்மாவுக்குள் முன்னேறின. எண்ணெய்க் கிணறுகள் பகைவர் கையில் சிக்கிவிடக் கூடாதென்று ஆங்கிலேயர் தாமே அவற்றை அழித்துவிட்டுப் பின்வாங்கினர். விளக்குக்கும் அடுப்புக்கும் கடல் கடந்து வந்த ஆதரவு ஒருசேர அறுந்தது. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் பங்கீட்டுப் பொருள்களாயின.

அப்போது வந்தவைதாம் கரி பஸ்கள். வண்டியின் பின்புறம் ஒரு கொப்பரை; அதில் மரக்கரி; அதை மூட்டிக் காற்றூத, எழும் வாயுவால் எஞ்சின் ஓடியது. மதுரையின் டி.வி.எஸ். நிறுவனம் இத்தகைய வாயுக் கருவிகளைத் தானே வடிவமைத்துச் செய்தது. புறப்படுவதற்கு வெகு நேரம் முன்பே தீ மூட்ட வேண்டும். மேடு வந்தால் வண்டி திணறும். பயணிகள் இறங்கித் தள்ளுவதும் உண்டு. நகைப்புக்குரிய காட்சியாக இன்று தோன்றலாம். ஆனால் அன்று ஊரையும் ஊரையும் இணைத்தவை அவையே. அதற்கான விலையை மரங்கள் கொடுத்தன. போர் முடிந்து பெட்ரோல் வந்ததும் அந்தக் கொப்பரைகள் மறைந்தன. அவற்றோடு நினைவும் மறைந்தது.

அதே ஆண்டுகளில் பொதிகை மலையடிவாரத்தில் வேறொரு பணி நடந்துகொண்டிருந்தது. பாபநாசத்தில் விழும் நீரின் வலிமையை 1880களிலேயே ஹார்வி சகோதரர்கள் தங்கள் நூற்பாலைக்குப் பயன்படுத்தினர். அந்த வலிமையை ஊருக்கெல்லாம் மின்சாரமாக்கும் திட்டம் போருக்கு முன்னரே வகுக்கப்பட்டு, போரின் தட்டுப்பாடுகளுக்கிடையே 1944இல் நிறைவேறியது. சென்னை மாகாணத்தில் பைக்காராவுக்கும் (1932) மேட்டூருக்கும் (1937) அடுத்த பெரிய புனல்மின் நிலையம் இதுவே. சுழலியைச் சுற்றிய நீர் மீண்டும் ஆற்றில் கலந்து வயலுக்குப் போயிற்று. எரித்து அழித்தது ஒன்றுமில்லை.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். கரி பஸ், நெருக்கடி வந்தபின் கற்ற வித்தை. பாபநாசம், நெருக்கடிக்கு முன்பே எடுத்த முடிவு. முன்னது போரோடு போயிற்று. பின்னது 80 ஆண்டுகள் கடந்தும் 32 மெகாவாட் திறனோடு நிற்கிறது.

முன்கூட்டி எண்ணுவது இப்பள்ளத்தாக்குக்குப் புதிதன்று. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியான திருவைகுண்டம் 1870களில் எழுந்தது. கோடைமேலழகியான் முதல் மருதூர் வரை மற்ற ஏழும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு முற்பட்டவை. எட்டும் சேர்ந்து ஏறத்தாழ 86,000 ஏக்கருக்குப் பாசனம் தருகின்றன. தென்மேற்குப் பருவத்தை நம்பிக் கார். வடகிழக்குப் பருவத்தை நம்பிப் பிசானம். ஒரு மழை பொய்த்தால் மற்றொன்று. ஆற்று நீர் நேரே வயலுக்கு மட்டும் போகவில்லை; குளம் குளமாக நிரம்பித் தங்கியது. வருவது எவ்வளவென்று அறியாத மக்கள், எவ்வளவு வந்தாலும் வாழ்வதற்கு வகுத்த ஏற்பாடு அது.

பிறகு வந்த மலிவு எண்ணெய்க் காலம் இந்த விவேகத்தை மங்கச் செய்தது. டீசல் எஞ்சின் கிணற்றடிக்கு வந்தது. டிராக்டர் வயலில் இறங்கியது. தூத்துக்குடி ஸ்பிக் ஆலையின் யூரியா, 2021இல் இயற்கை எரிவாயுவுக்கு மாறும்வரை, நாப்தா என்னும் பெட்ரோலியப் பொருளிலிருந்தே பிறந்தது. பாய் விரித்துக் கடலோடிய நம் கடற்கரை மக்களின் மரங்களிலும் வள்ளங்களிலும் எஞ்சின் பொருத்தப்பட்டது. சோற்றிலும் மீனிலும் எண்ணெய் கலந்துவிட்டது, நாம் அறியவில்லை.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது, சில மாதங்களில் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. 1990இல் வளைகுடா நெருக்கடி. அடுத்த ஆண்டு, அன்னியச் செலாவணி வறண்டு, நாடு தங்கத்தை அடகு வைத்தது. இன்றும் நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதியே.

எண்ணெய் என்று குறையும்? அமெரிக்க நிலவியலாளர் ஹப்பர்ட், தம் நாட்டு உற்பத்தி 1970 வாக்கில் உச்சம் தொட்டுச் சரியுமென்று 1956இல் கணித்தார். அவ்வாறே சரிந்தது. ஆனால் பாறையைப் பிளந்து எடுக்கும் புதிய முறையால் 2018இல் அந்த உச்சமும் கடக்கப்பட்டது. ஆகவே நாள் குறித்துச் சொல்வோரை அப்படியே நம்ப வேண்டியதில்லை. நாள் தெரியவில்லை என்பதற்காக ஆயத்தமின்றி இருப்பதும் அறிவன்று. மழை வரும் நாளை அறிந்தா நம் முன்னோர் குளம் வெட்டினர்?

1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் தமிழகத்தின் முதல் காற்றாலைப் பண்ணை சுழலத் தொடங்கியது. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் செங்கோட்டைக் கணவாயிலும் புகுந்து வரும் காற்று இன்று தமிழகத்தின் பெருஞ்செல்வம். மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. ஆனால் மே முதல் செப்டம்பர் வரை வீசும் காற்று பின்னர் ஓய்கிறது. மற்ற மாதங்களில் வெயில் கைகொடுக்க வேண்டும். இதுவும் ஒரு காரும் பிசானமுமே. கிடைத்ததைத் தேக்கிவைக்கும் குளங்களைத்தான் மின்சாரத்திற்கு நாம் இன்னும் போதிய அளவில் வெட்டவில்லை. மின்சாரம் பெருகினாலும் டீசலை நம்பிய லாரியும் படகும் தாமாக மாறிவிடா என்பதையும் மறக்கலாகாது.

கூடங்குளமும் இம்மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1988இல் சோவியத் நாட்டுடன் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. முதல் உலை 2013இல் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. ஓர் உலைக்கு 1,000 மெகாவாட். பாபநாசத்தைப்போல் முப்பது மடங்கு என்பது சிறிய செய்தியன்று. எனினும் 2011 முதல் இடிந்தகரையில் கூடிய மீனவ மக்கள் கேட்ட கேள்வியும் சிறியதன்று: வெளிச்சம் எல்லாருக்கும் என்றால், அச்சம் மட்டும் எங்களுக்கா?

ஆற்றுப் பாசனத்தில் பழகியவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். நீர் நிறைந்த ஆண்டில் எந்த ஏற்பாடும் நல்ல ஏற்பாடே. குறைந்த ஆண்டில்தான் மடையைத் திறப்பவரின் நேர்மை தெரியும். தலைமடைக்காரர் தம் வயல் நிறைந்ததும் மனம் வைத்தால்தான் கடைமடையில் நெல் கதிர்விடும். எண்ணெய் குறையும் காலத்திற்கென நாம் வகுக்கும் எந்தத் திட்டத்தையும் அந்த ஒரு கோல்கொண்டே அளக்கலாம்: கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா?