பெங்களூரு: மெய்களுக்கு ஓர் உரை

பெ: இதழ் இரண்டும் பொருந்தப் பிறப்பது பகரம். தொல்காப்பியப் பிறப்பியல் சொல்வதும் இதுவே. இன்றைய ஒலியியலார் ஈரிதழ் அடைப்பொலி என்பர். இவ்வூர்ப் பெயரில் அது குரல்நாண் அதிர ஒலிக்கிறது. அந்த அதிர்வுக்குக் கன்னடத்தில் தனியெழுத்து உண்டு, தமிழில் இல்லை. 'பெட்டி'யை அதிராமல் படிப்பவர் இங்கே அதிர்த்துச் சொல்வது கேட்ட பழக்கத்தால்.

ங்க: இங்கே பழக்கம் வேண்டாம். இரண்டும் அடிநா அண்ணத்தைத் தொடப் பிறக்கும் இன எழுத்துகள்; மூக்கொலியை அடுத்த வல்லினம் தமிழில் தானே அதிரும், தங்கம், சங்கம் போல.

ளூ: பெயரின் உயிர்நிலை இதுதான். ளகரம் மருங்கொலி. மருங்கு என்பது பக்கம். நாக்கு நடுவழியை அடைத்து மூச்சைத் தன் ஓரங்களில் விடுவதால் அப்பெயர். 'ள்' என்று சொல்லி, நாக்கை அசைக்காமல் அங்கேயே நிறுத்தி, மூச்சை உள்ளே இழுத்துப் பாருங்கள்: நாவின் ஓரங்கள் சில்லிடும். லகரமும் மருங்கொலியே. அதற்கு நாநுனி மேற்பல்லின் அடியருகே நிற்கும். ளகரத்துக்குப் பின்வளைந்து அண்ணத்தை நாடும். நாவிளிம்பு தடிப்பதைத் தொல்காப்பியர் குறிக்கிறார். அண்ணத்தை ஒற்றினால் லகரம், வருடினால் ளகரம் என்று பிரிக்கிறார். கருவி ஏதுமின்றித் தன் வாயையே கூர்ந்து கவனித்தவரின் நுட்பம் இது. படிக்கும்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கன்னடத்தில் ளகரத்துக்குச் சுமை கூடுதல். 13ஆம் நூற்றாண்டில் கேசிராசரின் சப்தமணிதர்ப்பணம் ழகரத்தையும் பேசுகிறது. இன்று அவ்வொலி கன்னட வழக்கில் இல்லை. நம் ஏழு அங்கே ஏளு, கோழி கோளி. 2014 நவம்பர் 1 முதல் ஆங்கிலத்திலும் பெயர் பெங்களூரு என மாறியது. ஆயினும் அந்த ஆங்கில எழுத்தைப் பார்த்து லகரமா ளகரமா என்று சொல்ல முடியாது. ஆங்கிலப் பலகையில் மட்டும் ஊர்ப்பெயரைப் படித்து வளரும், பெங்களூரு அல்சூர்ப் பகுதித் தமிழ்ப் பிள்ளைக்கு ளகரத்தை வீட்டார்தான் வாயில் பழக்க வேண்டும். கன்னடப் பிள்ளைக்கும் அப்படியே.

ரு: தமிழில் 'ஊர்' மெய்யில் முடியும். இன்றைய கன்னடம் உகரம் சேர்த்து 'ஊரு' என்னும். பழங்கன்னடத்திலோ அது 'ஊர்'தான். பேகூர் நாகேசுவரர் கோயிலில் கிடைத்த, ஏறத்தாழ கி.பி. 890ஐச் சேர்ந்த நடுகல் பெங்களூர்ப் போர் ஒன்றைக் குறிக்கிறது. அக்காலக் கன்னடரும் உகரம் இல்லாமலே ஊர் என்றனர். ஆகவே தமிழர் 'பெங்களூர்' என்று மெய்யில் நிறுத்துவது கன்னடத்துக்குப் புறம்பானதன்று.