அப்பாவின் நோட்டும் ஒரே போனும்: ஃபோர்க்கின் கதை

செம்மேட்டில் உட்கார்ந்து சின்னச் சின்ன சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற என்னிடம் புதியவர்கள் அடிக்கடி கேட்பது இது: "டேட்டாபேஸ் இணைப்பை ஒரே தடவை திறந்து, எல்லா புராசஸும் பகிர்ந்துக்கக் கூடாதா? மெமரியை மட்டும் பகிரலாமாம், அது ஏன்?" பதிலுக்கு வரலாற்றைக் கொஞ்சம் புரட்டணும்.

1963-இல் மெல்வின் கான்வே ஒரு கட்டுரையில் ஃபோர்க்கை விவரித்தார். பெர்க்லியின் டைம்-ஷேரிங் அமைப்பு வழியாக அது யுனிக்ஸுக்கு வந்தது. பிடிபி-7 கணினியில் அதற்கு 27 வரி அசெம்பிளியே போதுமானதாக இருந்தது என்று டென்னிஸ் ரிச்சி பின்னாளில் எழுதினார். ஓடுகிற புராசஸ் தன்னைப் போலவே இன்னொன்றைப் பெற்றுப் போடும். ஆரம்பத்தில் மெமரி மொத்தத்தையும் நகலெடுத்தார்கள். வீண் செலவு இல்லையா? அதனால்தான் பிறகு 'எழுதும்போது மட்டும் நகல்' என்ற முறை நிலைத்தது.

இதைக் கணக்கு நோட்டு மாதிரி நினைச்சுக்கோங்க. அப்பாவின் நோட்டை எல்லாப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஒருத்தன் ஏதாவது எழுதணும்னா, அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து அதில் எழுதுகிறான். மற்ற பக்கங்கள் பொதுவிலேயே இருக்கும்.

1995-இல் ராபர்ட் தாவ் வடிவமைத்த புதிய அமைப்பில் அப்பாச்சி முன்கூட்டியே பிள்ளைகளைப் பெற்று வரிசையில் நிறுத்தியது. மோட் பெர்ல் வந்தபின், நிரல்களைத் தாய் புராசஸிலேயே ஏற்றிவிட்டுப் பிறகு ஃபோர்க் செய்வது வழக்கமாச்சு. மெமரி மிச்சம்.

ஆனால் இணைப்பு என்பது நோட்டு இல்லை, போன். ஃபோர்க் செய்தால் பிள்ளைகள் எல்லாருக்கும் ரிசீவர் கிடைக்கும், லைன் ஒண்ணுதான். எதிர்முனையில் இருக்கிற டேட்டாபேஸுக்கு இரண்டு பேர் பேசுவதே தெரியாது. ஒருத்தர் கேள்விக்கு வந்த பதிலை இன்னொருத்தர் வாங்கிப் போகலாம். அதாவது உங்கள் கணக்கு விவரம் யாரோ ஒருவர் திரையில்! ஒரு பிள்ளை வேலை முடிந்து "வெச்சுடறேன்" என்றால் எல்லாருக்கும் லைன் கட். பெர்லின் டிபிஐ நூலகத்தில் 'இன்ஆக்டிவ் டெஸ்ட்ராய்' என்ற அமைப்பு இருப்பது இதைத் தடுக்கத்தான்.

அதனால் விதி எளிது: ஃபோர்க் முடிந்தபின் ஒவ்வொரு பிள்ளையும் தனக்கென ஓர் இணைப்பைத் திறக்கணும்.

இங்கே அடுத்த சிக்கல். அப்பாச்சி ப்ரீஃபோர்க் இயல்பாக 256 பிள்ளைகள் வரை அனுமதிக்கும். போஸ்ட்கிரஸ் இயல்பாக ஏற்பது 100 இணைப்பு. அதுவும் இணைப்புக்கு ஒரு புராசஸ் என்று தன் பக்கம் ஃபோர்க் செய்கிறது! ஸ்கைப்பில் பிறந்து 2007-இல் வெளிவந்த பிஜிபவுன்ஸர் நடுவில் நின்று, சில இணைப்புகளையே பலருக்கும் முறைவைத்துக் கொடுக்கிறது. ஊர்ப் பொதுக் கிணற்றில் முறைத் தண்ணீர் விடுகிற அதே ஏற்பாடுதான். பகிர்வதில் தப்பில்லை, ஒரே நேரத்தில் இரண்டு பேர் இறைக்கக் கூடாது, அவ்வளவே.